வலிக்கு ஊசி, நோய்க்கு நாடி: அக்குபங்சரை எதுவரை நம்பலாம்?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் எங்களோடு இருக்கும் என் அத்தைக்கு 60 வயதைத் தாண்டிவிட்டது. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் இருப்பதாக எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துச் சொல்லியிருக்கிறார். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பல ஆண்டுகளாக மாத்திரை எடுத்து வருகிறார். வலி தாங்க முடியாமல், பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னதன் பேரில் எங்கள் பகுதியில் உள்ள ஓர் அக்கு ஹீலரிடம் (அக்குபங்சர் சிகிச்சை தருபவரிடம்) போனார். அவர் எக்ஸ்ரேயையோ பரிசோதனைச் சீட்டுகளையோ கையில் வாங்கவே இல்லை. இரண்டு மணிக்கட்டுகளிலும் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "சிறுநீரகத்தின் சக்தி ஓட்டம் குறைந்திருக்கிறது, முழங்கால் வலி அதன் வெளிப்பாடுதான்" என்று சொல்லி, பாதத்தில் ஒரே ஒரு புள்ளியைச் சிறிது நேரம் விரலால் தொட்டு அனுப்பிவிட்டார். ஊசி எதுவும் போடவில்லை. பசித்தால் மட்டும் சாப்பிட வேண்டும், மாத்திரைகள் உடலில் கழிவாகத் தேங்குகின்றன, படிப்படியாக விட்டுவிடலாம் என்பது அவருடைய அறிவுரை.

வலி உண்மையாகவே குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறுகிறார். அதனாலேயே எங்கள் பேச்சு எடுபடவில்லை, "காலைச் சரி செய்தவருக்குச் சர்க்கரையைப் பற்றித் தெரியாதா?" என்று கேட்கிறார். எனக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. இந்த வலிக்குறைவு மெய்யானதா? நாடி பார்த்து உள்ளுறுப்பின் நோயைச் சொல்ல முடியுமா? ஆதரவோ எதிர்ப்போ, காரணத்தோடு எழுதினால் உதவியாக இருக்கும்.

ஊசிமுனை எழுதியது:

வணக்கம். நான் இயற்கை மற்றும் யோகா மருத்துவம் (பி.என்.ஒய்.எஸ்.) படித்தவன், அந்த ஐந்தரை ஆண்டுப் படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம். வலிக்காக வருகிறவர்களுக்கு அன்றாடம் ஊசி போடுகிறேன், ஆகவே இந்த முறைக்கு நான் எதிரி அல்லன்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவுடன் எதுவும் தெரியாது. ஓரிரு மாதம் நன்றாகவே இருப்பது போலத் தோன்றும், அளவு மட்டும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கமும் ஆபத்து உண்டு. அத்தை எடுப்பவற்றில் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை இருந்து, அதை விடாமல், "பசித்தால் மட்டும் சாப்பிடு" என்ற அறிவுரையை மட்டும் பின்பற்றினால், தாழ்சர்க்கரை ஏற்பட்டு மயங்கி விழ நேரிடலாம். மாத்திரைப் பட்டையில் உள்ள பெயரை இன்றே பாருங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையையும் செய்துவிடுங்கள்.

இனி அக்குபங்சருக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலின்படி உடலில் 14 சக்திப் பாதைகளில் 361 புள்ளிகள் உள்ளன. முழங்கால் தேய்மானத்துக்குப் பொதுவாக முழங்கால் சில்லுக்குக் கீழே இருபுறமும் உள்ள குழிகள், அங்கிருந்து நான்கு விரல் அகலம் கீழே காலின் முன்னெலும்பை ஒட்டி வெளிப்புறமாக உள்ள எஸ்.டி.36, தொடையின் உட்புறத்தில் சில்லுக்கு மேலே உள்ள எஸ்.பி.10 ஆகிய புள்ளிகளில் ஊசி போடுவோம். ஊசியின் தடிமன் 0.25 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். மருந்து ஏற்றும் சாதாரண ஊசியின் பாதிகூட இராது, நடுவே துளையும் இல்லை. தோலைக் கடந்து தசைக்குள் சென்றதும் சற்றே திருகினால், நோயாளிக்கு அந்த இடம் கனத்து மரத்தது போலவோ, கீழ்நோக்கி இழுப்பது போலவோ ஓர் உணர்வு வரும். சீன மரபில் அதையே சக்தி வந்து சேர்ந்ததன் அறிகுறி என்கிறார்கள். கூர்மையாக வலித்தால் ஊசி சரியான இடத்தில் இல்லை என்று பொருள். வெளியே எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். 20 முதல் 30 நிமிடம் படுக்க வைத்திருப்போம். உட்கார வைத்துப் போட்டால், முதல் தடவை வருகிறவர்களில் சிலர் தலைசுற்றிச் சாய்ந்துவிடுவார்கள்.

நீங்கள் விவரித்தது இதுவன்று. ஊசியில்லாமல் ஒரே புள்ளியைத் தொடும் முறை அண்மைக் காலத்தில் நம் ஊர்களில் பரவியிருக்கும் ஒரு கிளை. அதற்கு ஊசி அக்குபங்சரின் பெயரும் புகழும் கிடைத்துவிடுகின்றன. ஆனால் ஊசியைப் பற்றிய ஆய்வுகள் எதுவும் அதை நேரடியாகச் சோதித்தவை அல்ல.

எண்கணக்கன் எழுதியது:

வலிக்குறைவு மெய்யா என்ற கேள்விக்கு நல்ல தரவு உண்டு. அதில் பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்து வந்தது. அங்கே காப்பீட்டு நிறுவனங்கள் அக்குபங்சருக்குத் தொடர்ந்து பணம் கொடுக்கலாமா என்று முடிவெடுப்பதற்காகப் பெரிய ஆய்வுகளை நடத்தினார்கள். முழங்கால் தேய்மானத்தில் 1,007 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள்: முறைப்படி ஊசி போடப்பட்டவர்கள், புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி போடப்பட்டவர்கள், மருந்தும் மருத்துவர் ஆலோசனையும் மட்டும் பெற்றவர்கள். ஆறு மாதம் கழித்துக் குறிப்பிடத்தக்க அளவு தேறியவர்கள் முறையே 53.1, 51.0, 29.1 விழுக்காடு. இடுப்பு வலிக்காக 1,162 பேரிடம் நடந்த ஆய்விலும் இதே கதைதான்: 47.6, 44.2, 27.4.

இந்த மூன்று எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆதரவாளர்கள் முதல் எண்ணையும் மூன்றாவதையும் மட்டும் காட்டுவார்கள். எதிர்ப்பாளர்கள் முதலிரண்டை மட்டும் காட்டுவார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் நிவாரணம் கிடைத்தது உண்மை. எந்த இடத்தில் குத்தினார்கள் என்பது ஏறக்குறைய ஒரு வேறுபாட்டையும் ஏற்படுத்தவில்லை என்பதும் அதே அளவு உண்மை. ஜெர்மனி இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் காப்பீடு கொடுக்க 2006-இல் முடிவெடுத்தது. ஒற்றைத் தலைவலியைச் சேர்க்கவில்லை.

2012-இல் 29 ஆய்வுகளின் 17,922 நோயாளிகளுடைய தனித்தனித் தரவைத் திரட்டி ஒரு பகுப்பாய்வு வந்தது. அதன் ஆசிரியர்கள் சாதாரண வாசகருக்குப் புரியும்படி ஓர் எடுத்துக்காட்டு கொடுத்தார்கள். நூற்றுக்கு 60 என்ற அளவில் வலியோடு வருகிறவர், அக்குபங்சர் இல்லாமல் 43-க்கு இறங்குவார். போலி ஊசியில் (புள்ளியில்லாத இடத்தில் குத்தியோ, குத்துவது போலப் பாவனை செய்தோ) 35-க்கு. உண்மை ஊசியில் 30-க்கு. அக்குபங்சர் இல்லாமலே 60 என்பது 43 ஆகிறது என்பதைக் கவனியுங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் சிகிச்சைக்குப் போகிறார்கள், உச்சத்திலிருந்து அது தானாகவும் இறங்கும். அத்தையின் முழங்காலில் இந்தப் பங்கு எவ்வளவு, தொடுதலின் பங்கு எவ்வளவு என்று ஒருவரை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல யாராலும் இயலாது.

ஒருபுள்ளி எழுதியது:

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம். நான் தொடுசிகிச்சை செய்கிறவன். இங்கே எழுதியவர்கள் நிதானமாக எழுதியிருப்பதால் நானும் நிதானமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

எண்கணக்கன் ஐயா காட்டிய ஆய்வுகளில் முழங்கால் வலி என்று வந்த எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே புள்ளிகளைப் போட்டிருப்பார்கள். எங்கள் முறையின் அடிப்படையே அதற்கு மாறானது. ஒரே முழங்கால் வலி ஒருவருக்குக் கல்லீரலின் சமநிலைக் குறைவாலும், இன்னொருவருக்குச் சிறுநீரகத்தின் குறைவாலும் வரும். இரு மணிக்கட்டுகளிலும் மூன்று மூன்று இடங்களில் விரல் வைத்துப் பார்க்கும்போது ஒவ்வோர் இடமும் ஓர் உறுப்பைப் பேசும்: இடக்கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம், வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், மீண்டும் சிறுநீரகம் சார்ந்த வெப்பம். அப்படி மூலத்தைக் கண்டு ஒரு புள்ளியைத் தொட்டால் போதும். நாடி பார்க்காமல் பத்து இடத்தில் குத்திவிட்டு, புள்ளிக்கும் புள்ளியில்லாத இடத்துக்கும் வேறுபாடு இல்லை என்று முடிவு கட்டுவது எங்கள் மருத்துவத்தைச் சோதித்ததாகாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சீனத்தில் நிலைத்து நின்ற ஒன்றை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஊசியே இல்லாததால் பக்க விளைவும் இல்லை.

எண்கணக்கன் எழுதியது:

ஒருபுள்ளி ஐயா, உங்கள் மறுப்பு நியாயமான மறுப்பு. அதே கேள்வியை ஆய்வாளர்களும் கேட்டு, அதற்கென்றே ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 638 பேரிடம் நடந்து 2009-இல் வெளியானது அது. ஒரு குழுவுக்கு, தேர்ந்த அக்குபங்சர் சிகிச்சையாளர் ஒவ்வொருவரையும் தம் மரபுப்படி ஆராய்ந்து, அவரவர்க்கென்று புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து ஊசி போட்டார். இரண்டாம் குழுவுக்கு எல்லோருக்கும் ஒரே புள்ளிகள். மூன்றாம் குழுவுக்கு ஊசி செலுத்தும் குழாய்க்குள் பல்குத்தும் குச்சியை வைத்துத் தோலை மட்டும் தொட்டு எடுத்தார்கள். படுத்திருந்தவருக்கு வேறுபாடு தெரியாது. நான்காம் குழுவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும்.

முதல் மூன்று குழுக்களும் ஒரே அளவு தேறின. எட்டு வாரத்தில் அன்றாட இயக்கத்தில் பயனுள்ள முன்னேற்றம் கண்டவர்கள் அவற்றில் 60 விழுக்காடு. வழக்கமான மருத்துவத்தில் 39 விழுக்காடு.

மூலத்தைக் கண்டறிந்து தேர்ந்தெடுத்த புள்ளியும், அப்படிக் கண்டறியாமல் போட்ட புள்ளியும், பல்குத்தும் குச்சியும் ஒரே பலனைத் தந்தன என்றால், அந்தக் கண்டறிதல் வலிக்குறைவுக்கு எதையும் கூடுதலாகச் சேர்க்கவில்லை என்பதைத் தவிர வேறு முடிவுக்கு என்னால் வர இயலவில்லை.

ஒருபுள்ளி எழுதியது:

ஊசி குத்தாமல் தோலைத் தொட்டதற்கே 60 விழுக்காட்டினர் தேறினார்கள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். தொடுதல் போதும் என்று நாங்கள் சொல்லி வருவதும் அதுதானே!

எண்கணக்கன் எழுதியது:

ஆம், இடுப்பு வலியைப் பொறுத்தவரை உங்கள் தொடுதலுக்கு அந்த ஆய்வு சாதகமாகவே நிற்கிறது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதே ஆய்வு உங்கள் நாடியைக் கைவிட்டுவிடுகிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஊசிமுனை எழுதியது:

நாடியைப் பற்றி இன்னும் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனெனில் வைகைக்கரையின் வீட்டுப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

சீன மரபில் நோயறிதல் என்பது நாடி மட்டும் அன்று. பார்த்தல், கேட்டலும் முகர்தலும், வினவுதல், தொட்டறிதல் என்று நான்கு படிகள் உண்டு. நாக்கின் நிறம், படிவு, ஓரங்களில் பல் பதிந்த தடம் ஆகியவற்றுக்கு நாடியளவு இடமுண்டு. பேசாமல் நாடியை மட்டும் பிடித்து எல்லாவற்றையும் சொல்வது அந்த மரபிலேயே அரைகுறையான வேலை. தவிர, அங்கே "சிறுநீரகம்" என்று சொல்வது நாம் ஸ்கேனில் பார்க்கும் உறுப்பை மட்டும் குறிப்பதன்று. எலும்பு, காது, முதுமை, அச்சம், இனப்பெருக்கம் எல்லாம் அதன் ஆட்சிக்குள் வருகின்றன. ஆகவே அந்த மொழியில் "சிறுநீரகக் குறைவு" என்றால் வயதானவரின் எலும்பு தேய்கிறது என்பதைச் சுற்றிவளைத்துச் சொன்னதாகும். அதைக் கேட்டுவிட்டு ஒருவர், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனைக்கு ஓடுவதும் தவறு. கிரியாட்டினின் பார்க்க வேண்டிய நீரிழிவு நோயாளி, நாடியே பார்த்தாகிவிட்டது என்று இருந்துவிடுவது அதைவிடத் தவறு.

2001-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு உண்டு. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள அதே ஆறு நோயாளிகளை, சீன முறையில் பயின்ற ஆறு சிகிச்சையாளர்கள் ஒரே நாளில் தனித்தனியாகப் பார்த்தார்கள். மொத்தம் 20 வகை நோயறிதல்களும் 65 புள்ளிகளும் வந்தன. பொதுவாகப் பலரும் ஒத்துப்போனது, இடுப்பு வலியில் எப்போதும் சொல்லப்படும் ஒரு தேக்கமும் ஒரு சிறுநீரகக் குறைவும்தான். அதைத் தாண்டிய நுணுக்கத்தில் ஒற்றுமை மிகக் குறைவு. வெப்பமானியை ஆறு பேர் பார்த்து ஆறு எண் சொன்னால் அதை வைத்து மருந்தை நிறுத்த மாட்டோம் அல்லவா?

தொன்மை பற்றியும் ஒரு சொல். நூல்கள் தொன்மையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் சீனப் பேரரசரே 1822-இல் அரண்மனை மருத்துவக் கழகத்தில் இதைக் கற்பிக்கத் தடை விதித்திருக்கிறார். 1930-களில் செங் தானான் என்ற மருத்துவர், இரத்தக் குழாய்கள் மேல் குறிக்கப்பட்டிருந்த புள்ளிகளை நரம்புப் பாதைகளை ஒட்டி இடம் மாற்றி, தடித்த ஊசிகளுக்குப் பதில் மெல்லிய ஊசிகளைக் கொண்டுவந்தார். நாம் இன்று பயன்படுத்துவது பெரும்பாலும் அந்தச் சீர்திருத்தத்துக்குப் பின், 1950-களில் சீன அரசு ஊக்கம் கொடுத்து ஒழுங்குபடுத்திய வடிவம். இந்தியாவுக்கு அது 1959-இல் வந்தது. ஜப்பானியப் படையெடுப்பின்போது 1938-இல் சீனத்துக்குச் சென்ற இந்திய ஐவர் மருத்துவக் குழுவில் மருத்துவர் கோட்னிஸுடன் இருந்த மருத்துவர் விஜய் குமார் பாசு, மறுபடி அங்கே போய்க் கற்றுக்கொண்டு வந்து கல்கத்தாவில் தொடங்கினார். அவர் முறைப்படி அலோபதி படித்த மருத்துவர் என்பதை நம் ஹீலர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

மேற்குலகில் இது பரவிய கதையும் இப்படியே திரிந்துபோனது. 1971-இல் பெய்ஜிங் சென்ற நியூயார்க் டைம்ஸ் இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் அறுவை நடந்தது. ஊசியால் மயக்கம் கொடுத்து அறுத்தார்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள். அவருக்கு மரத்துப்போகும் மருந்தை வழக்கம்போல ஊசியில் ஏற்றித்தான் அறுத்தார்கள். அறுவைக்குப் பிறகு வயிற்றில் ஏற்பட்ட உப்புசத்துக்கு மட்டும் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் அக்குபங்சர் ஊசி போட்டார்கள். அவரே அப்படித்தான் எழுதினார்.

தெகிவளை வாசகன் எழுதியது:

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் அக்குபங்சர் என்றதும் களுபோவில அரச வைத்தியசாலையும் வைத்தியர் அன்ரன் ஜயசூரியவுமே முதியவர்களின் நினைவுக்கு வரும். அவர் மூட்டு, வாத நோய்களுக்கான மேலைத்தேய வைத்தியராக இருந்துகொண்டே அங்கு ஊசிச் சிகிச்சையையும் நடத்தினார். வெளிநாடுகளிலிருந்தெல்லாம் பயில வந்தார்கள். 2005-இல் காலமானார்.

இந்த உரையாடலை வாசிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். மூட்டுவாதமா, தேய்மானமா, யூரிக் அமிலமா என்பதை அரச வைத்தியசாலையில் ஒரு வைத்தியர் முதலில் தீர்மானித்த பிறகு ஊசி வந்தால், ஊசி பலிக்காவிட்டாலும் நோயாளி எதையும் இழக்கமாட்டார். நோயறியும் இடத்தை ஊசிக்காரரே எடுத்துக்கொண்டால் எல்லாப் பாரமும் அவருடைய விரல் நுனியில் வந்து விழுகிறது. மூட்டுவாதத்துக்குத் தொடக்கத்திலேயே மருந்து கொடுக்காவிட்டால் மூட்டு திரும்பி வராத அளவுக்கு அரிக்கப்பட்டுவிடும். எங்கள் குடும்பத்தில் ஒருவர் வலி குறைந்ததே போதும் என்று இருந்துவிட்டார். இன்று அவரது விரல்கள் கோணிப்போயிருக்கின்றன.

தசைநார் எழுதியது:

நான் இயன்முறை மருத்துவர். அப்படியானால் வலி ஏன் குறைகிறது என்று யாராவது கேட்பதற்கு முன் நானே தொடங்குகிறேன், ஏனெனில் "போலி ஊசிக்கும் அதே பலன்" என்பதை "எல்லாம் கற்பனை" என்று வாசித்துவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

ஊசி குத்துவது, எந்த இடத்தில் குத்தினாலும், உடலுக்கு ஒரு சிறு காயம். அதற்கு நரம்பு மண்டலம் பதில் கொடுக்கும். 2010-இல் எலிகளில் செய்த ஆய்வில், எஸ்.டி.36-க்கு இணையான இடத்தில் ஊசியைத் திருகியபோது அங்கே அடினோசின் என்ற வேதிப்பொருள் பல மடங்கு கூடி, பக்கத்து நரம்பின் வலிச் செய்தியை மட்டுப்படுத்தியதைக் கண்டார்கள். அதற்கு முன்பே 1970-களில், அபினி வகை மருந்துகளின் செயலை முறிக்கும் நலாக்சோனைக் கொடுத்தால் ஊசியின் வலிநிவாரணம் குறைகிறது என்று காட்டப்பட்டது. உடலே சுரக்கும் எண்டார்பின்கள் இதில் ஈடுபடுகின்றன என்ற கருத்து அங்கிருந்து வந்தது. இவை எதற்கும் 361 புள்ளிகளும் சக்திப் பாதைகளும் தேவைப்படவில்லை. நாங்கள் இறுகிய தசை முடிச்சில் அதே மெல்லிய ஊசியைப் போடுகிறோம். அதற்கு உலர் ஊசி என்று பெயர் வைத்துக்கொண்டு, சீன மரபோடு தொடர்பில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். என் துறை நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன், அந்த வேறுபாடு பெயரில் இருக்குமளவு கையில் இல்லை.

மற்றொரு பங்கு, சிகிச்சை தரும் சூழலுடையது. எரிச்சல்படும் குடல் நோய் உள்ள 262 பேரை வைத்து 2008-இல் வெளியான ஆய்வில் ஊசி பெற்ற எல்லோருக்கும் போட்டது தோலைத் துளைக்காத போலி ஊசிதான். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் 28 விழுக்காட்டினர் போதிய நிவாரணம் கண்டார்கள். சிகிச்சையாளர் அதிகம் பேசாமல் போலி ஊசி போட்ட குழுவில் 44. முதல் சந்திப்பில் முக்கால் மணி நேரம் பரிவோடு கேட்டுப் பேசிப் போட்ட குழுவில் 62. நம் அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் ஒரு மூட்டு வலி நோயாளிக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது? ஹீலரின் அறையில் அத்தைக்குக் கிடைத்தது அந்த நேரம். அதை இகழ வேண்டியதில்லை.

அதே நேரத்தில், வலி குறைந்துவிட்டதே என்று காரணத்தைத் தேடாமல் விடக்கூடாத சில வலிகள் உண்டு. படுத்தாலும் குறையாமல் இரவில் எழுப்புகிற முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைதல், காய்ச்சலோடு வரும் மூட்டு வீக்கம், கால் பலவீனத்தோடு சிறுநீர் கட்டுப்பாடு போதல், நடந்தால் மட்டும் வந்து நின்றால் அடங்கும் நெஞ்சு அல்லது தாடை வலி: இவற்றோடு வருகிறவரை ஊசி மேசையில் படுக்க வைப்பதே தவறு.

ஒருபுள்ளி எழுதியது:

தசைநார் அவர்கள் சொன்ன பட்டியலை நான் ஏற்கிறேன். அப்படி வருகிறவர்களை நானும் மருத்துவமனைக்கே அனுப்புகிறேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை, எங்களில் பலருக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். வலியைத் தவிர வேறு எதற்கும் பயனில்லை என்று சொல்ல வருகிறீர்களா? என்னிடம் தூக்கமின்மைக்கும் செரிமானக் கோளாற்றுக்கும் குழந்தையின்மைக்கும் வந்து பயனடைந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஊசிமுனை எழுதியது:

ஐயா, உங்கள் நேர்மைக்கு நன்றி. நோய்தோறும் தனித்தனியாகத்தான் பதில் சொல்ல முடியும்.

குமட்டலுக்கு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் உள்ள பி.6 புள்ளியைத் தூண்டினால் அறுவைக்குப் பின் வரும் குமட்டலும் வாந்தியும் குறைவதாகப் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். விரலால் அழுத்தினாலே போதும் என்பதால் அதை நோயாளிகளுக்கே கற்றுக்கொடுத்து அனுப்புகிறேன்.

குழந்தையின்மையில் அப்படிச் சொல்ல முடியாது, இதில் நான் சற்றுக் கடுமையாகவே பேசுவேன். சோதனைக்குழாய் முறையில் சிகிச்சை பெற்ற 848 பெண்களிடம் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், உண்மை ஊசி பெற்றவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும் போலி ஊசி பெற்றவர்களில் 17.8 விழுக்காட்டினருக்கும் உயிருடன் குழந்தை பிறந்தது. சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கல் உள்ள 1,000 பெண்களிடம் சீனத்திலேயே நடந்த ஆய்விலும் ஊசியால் பிறப்பு எண்ணிக்கை கூடவில்லை. வயது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை நாடி பார்த்துக்கொண்டே ஓராண்டு காத்திருக்க வைப்பதைப் பக்க விளைவு இல்லாத சிகிச்சை என்று நான் சொல்ல மாட்டேன்.

சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் மாத்திரைக்கு மாற்றாக இதைச் சொல்ல எந்த அடிப்படையும் இல்லை. 2003-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நீண்ட நோய்ப் பட்டியலை நம் ஊர் விளம்பரப் பலகைகளில் இன்றும் காணலாம். அது வலுவற்ற ஆய்வுகளையும் சேர்த்துக்கொண்டதாகப் பெரும் விமர்சனத்துக்கு உள்ளானது.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

ஊசி பாதுகாப்பானதா என்று யாரும் சொல்லவில்லையே? என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறார். தோள்பட்டை வலிக்குப் போகலாமா? எனக்கும் பல ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலி இருக்கிறது.

ஊசிமுனை எழுதியது:

அம்மா, பயின்ற கையில் இது பாதுகாப்பானதே. ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைப் பின்தொடர்ந்தபோது 8.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு பக்க விளைவைச் சொன்னார்கள். பெரும்பாலும் இரத்தக் கசிவு, கன்றிப்போதல், சிறு வலி. இரண்டு பேருக்கு நுரையீரல் உறையில் காற்றுப் புகுந்தது. கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே உள்ள ஜி.பி.21 என்ற புள்ளியில் ஊசி ஆழமாக இறங்கினால் நேரக்கூடியது இந்த விபத்து, ஏனெனில் அந்தத் தசைக்கு அடியில் நுரையீரலின் உச்சி இருக்கிறது. தோள்பட்டை வலிக்கு அந்தப் புள்ளியைத்தான் பலரும் முதலில் தேடுவார்கள். ஆகவே உங்கள் கணவருக்கு ஊசி போடுகிறவர் உடற்கூற்றியல் முறையாகப் படித்தவராக இருக்க வேண்டும்.

இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை அவர் தாமாக நிறுத்தக் கூடாது. யார் சொன்னாலும் கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். மாத்திரையோடேயே மேலோட்டமாக, குறைந்த எண்ணிக்கையில் ஊசி போடலாம். எடுத்தபின் சற்று நேரம் பஞ்சால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் மட்டும் ஊசியில் மின்சாரம் செலுத்தும் கருவியைத் தவிர்க்க வேண்டும். உறை பிரிக்காத ஊசியை உங்கள் கண்முன் பிரிக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் ஊசியை உங்களுக்கென்று எடுத்துவைத்து மறுபடி பயன்படுத்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு, அங்கே போகாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2003 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் இதைத் தனி மருத்துவமுறையாக ஏற்காமல், பதிவுபெற்ற மருத்துவர்களோ தகுந்த பயிற்சி பெற்றவர்களோ செய்யக்கூடிய ஒரு சிகிச்சையாக அனுமதித்தது. 2019-இல் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. மேற்கு வங்கமும் மகாராஷ்டிரமும் இதற்கெனச் சட்டம் இயற்றியுள்ளன. பலகையில் பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகள் எந்தப் பல்கலைக்கழகத்தினுடையவை, படிப்பு எத்தனை ஆண்டு என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எண்கணக்கன் எழுதியது:

மல்லிகைப்பந்தல் அம்மாவின் ஒற்றைத் தலைவலிக்கு என் பங்கு. அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிய 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பில், வழக்கமான சிகிச்சையோடு ஊசியும் பெற்றவர்களில் நூற்றுக்கு 41 பேருக்குத் தலைவலி வரும் நாள்கள் பாதியாகக் குறைந்தன. ஊசி பெறாதவர்களில் 17 பேருக்கு. போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், உண்மை ஊசியில் நூற்றுக்கு 50 பேர், போலி ஊசியில் 41 பேர் என்ற சிறு வேறுபாடு இருந்தது. தடுப்பு மாத்திரைகளோடு ஒப்பிட்டதில் ஊசி பின்தங்கவில்லை, பக்க விளைவும் குறைவு. பிரிட்டனில், தடுப்பு மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு 5 முதல் 8 வாரத்தில் 10 அமர்வுகள் வரை பரிசீலிக்கலாம் என்று 2012-இல் வழிகாட்டினார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால், போவதற்கு முந்தைய மாதமே தொடங்கி, தலைவலி வந்த நாளையும் விழுங்கிய மாத்திரையையும் நாள்காட்டியில் குறித்து வாருங்கள். பத்து அமர்வு முடிந்த பின் அந்தக் குறிப்புகள் பாதியாகவில்லை என்றால் பதினொன்றாவதற்குப் பணம் கட்ட வேண்டாம். இதுவரை இல்லாத கடுமையோடு திடீரென்று தலைவலி வெடித்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் மரத்தாலோ அக்குபங்சர் மையத்துக்குப் போகாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.